நீர் எந்தப் பள்ளிக்கூடம்?

பங்குனி வெயில் முதிரும் முன்பே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்தைச் சுற்றி ஆட்கள் கூடிவிடுகிறார்கள். கோட்டையும் பொதுநூலகமும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான கிறிக்கெற் ஆட்டம் 1904இல் தொடங்கியது. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் தடைப்பட்டாலும் ஓயவில்லை. பத்திரிகைகள் அதை ‘வடக்கின் பெரும் போர்’ என்று எழுதும். ஊரில் ‘பிக் மட்ச்’ என்றால் போதும்.

மூன்று நாள் ஆட்டம். வந்திருப்பவர்களில் பாதிப்பேர் பந்தைப் பார்க்க வந்தவர்கள், பாதிப்பேர் ஆளைப் பார்க்க வந்தவர்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர் கல்லூரித் தொப்பியோடு நிழல் தேடி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் வந்து நிற்பவரும் அதே வயது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் சிறிது நேரம் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் மற்றவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பெயர் வீட்டில் மனைவிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் யாரோ வைத்த பெயர் ஐம்பது வருடத்துக்கு மேல் கழிந்து, வேறொரு கண்டத்தில் ஒரு வாழ்க்கை முழுவதையும் வாழ்ந்து முடித்த ஒருவரின் முதுகில் வந்து தட்டுகிறது. திரும்பிப் பார்க்கும் அந்த முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் நெஞ்சு கனக்கிறது.

யாழ்ப்பாணத்து ஆண்கள் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் முதல் கேள்வி, “நீர் எந்த ஊர்?” அடுத்தது, “நீர் எந்தப் பள்ளிக்கூடம்?” மூன்றாவது, “எந்த பட்ச்?” உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டுதான் பட்சின் பெயர். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால், “அப்ப உமக்கு இன்னாரைத் தெரிஞ்சிருக்கோணுமே” என்று அடுத்த வாக்கியம் தானாக வரும். ரொறன்ரோ கல்யாண வீட்டிலும், லண்டன் ஹரோவில் மரக்கறிக் கடை வாசலிலும், சிட்னியில் செத்தவீட்டிலும் இதே வரிசையில் இதே கேள்விகள். ஊரும் வீடும் வளவும் கைவிட்டுப் போன ஒரு தலைமுறைக்கு, பள்ளிக்கூடத்தின் பெயர்தான் கையில் எடுத்துக்கொண்டு வரக்கூடியதாக இருந்த விலாசம்.

இந்தப் பந்தம் எங்கிருந்து வந்தது, எதையெல்லாம் தாங்கிப் பிடித்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அது யாரை நினைவில் வைத்திருக்கிறது, யாரை விட்டுவிட்டது என்ற கேள்வியையும் தவிர்த்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

மிஷன் வளவுகளில் முளைத்த உறவு

மத்திய கல்லூரியின் தொடக்கம் 1816. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த ஜேம்ஸ் லிஞ்ச் பாதிரியார் தொடக்கிய ஆங்கிலப் பள்ளி அது. 1823இல் சர்ச் மிஷன் சார்பில் ஜோசப் நைற் நல்லூரில் தொடக்கிய பள்ளிதான் பின்னால் சுண்டுக்குளிக்கு இடம்மாறி சென். ஜோன்ஸ் கல்லூரியாயிற்று. அதே 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரியைத் திறந்தது. கத்தோலிக்கரின் சென். பற்றிக்ஸ் 1850இல் வந்தது. ஒரு சிறு குடாநாட்டில், சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்துக்குள், இத்தனை பள்ளிகள். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெடியள் வெவ்வேறு நிறத்தில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வெவ்வேறு திசையில் போனார்கள். போட்டியும் பாசமும் அங்கேதான் பிறந்தன.

பழைய மாணவன் என்ற உறவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு என் கண்ணில் முதல் சாட்சி ஆறுமுக நாவலர். 1822இல் நல்லூரில் பிறந்தவர். மத்திய கல்லூரியில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1850இல் அச்சான பேர்சிவலின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உடனிருந்து உழைத்தார். 1848இல் அந்த வேலையை விட்டு வெளியேறி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிறகு 1864இல் சிதம்பரத்திலும் ஒன்று. மிஷன் பள்ளிக்கு எதிராக எழுந்த சைவப் பள்ளி என்று இதைச் சொல்வது வழக்கம். அது உண்மைதான். ஆனால் வகுப்புகளாகப் பிரித்துப் பாடம் நடத்துவது, வகுப்புக்கேற்ற பாடநூலை அச்சடித்துக் கொடுப்பது, வசனநடையில் எழுதுவது ஆகிய மூன்றையும் அவர் மிஷன் சூழலில் வேலைசெய்த காலத்தில்தான் கண்ணெதிரே பார்த்துப் பழகினார். தான் படித்த இடத்தோடு முரண்பட்டு வெளியேறியவரும் அந்த இடத்தின் மாணவராகவே வாழ்நாள் முழுவதும் இருந்தார்.

வட்டுக்கோட்டைச் செமினரியின் கதை இன்னும் நெருக்கமானது. விடுதியில் தங்கிப் படித்த ஆண்பிள்ளைகளுக்கு, பணம் கொடுத்த அமெரிக்கப் புரவலர்களின் பெயரை வைப்பது அங்கே வழக்கம். சிறுப்பிட்டி வைரவநாதரின் மகன் தாமோதரம்பிள்ளை அப்படித்தான் சாள்ஸ் வின்ஸ்லோ ஆனார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் முதன்முதலாகப் பட்டப் பரீட்சை நடத்தியபோது தேறிய இருவர், அவரும் கரல் விசுவநாதபிள்ளையும். இருவருமே செமினரிக்காரர். பின்னாளில் கலித்தொகையையும் வீரசோழியத்தையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம்பிள்ளையைத் தமிழ் உலகம் சி.வை. என்று அறியும். ஆங்கிலத்தில் சி.டபிள்யூ., தமிழில் சி.வை. பள்ளி கொடுத்த எழுத்துகளுக்குள்ளேயே ஊரையும் தகப்பனையும் வைத்துவிட்டார். இதைவிட அழகாக ஒரு மனிதன் தன் பள்ளியையும் தன் வீட்டையும் ஒரே கையொப்பத்தில் சேர்த்ததாக நான் அறியவில்லை.

அந்தச் செமினரி 1855இல் மூடப்பட்டது. மிஷன் தலைமையகம் ஆங்கிலக் கல்வியில் பணம் செலவிடத் தயங்கியது. அங்கே படித்தவர்கள் விடவில்லை. ஆண்டுக்கணக்காகக் கூடிப் பேசி, மிஷனரிகளைச் சம்மதிக்கவைத்து, பணம் திரட்டி, 1872இல் அதே வட்டுக்கோட்டை வளவில் யாழ்ப்பாணக் கல்லூரியைத் திறக்கவைத்தார்கள். பழைய மாணவர் சங்கம் என்ற பெயர் பரவுவதற்கு முன்னரே, மூடிய பள்ளியொன்றைப் பழைய மாணவர்கள் எழுப்பியிருக்கிறார்கள். இன்று கனடாவில் இருந்துகொண்டு ஆய்வுகூடத்துக்குக் கூரை போடப் பணம் சேர்க்கிறவர்களுக்கு இந்த முன்னோர்களை நினைவூட்ட வேண்டும்.

யாழ். இந்துக் கல்லூரியின் வேரிலும் இந்தக் கலப்பு இருக்கிறது. 1880களின் பிற்பாதியில் அதன் முதல் வடிவமான சிறு ஆங்கிலப் பள்ளியை நடத்திய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் பெயரிலேயே அமெரிக்க மிஷனின் அடையாளம் இருக்கிறது. 1890இல் அந்தப் பள்ளி சைவபரிபாலன சபையின் கைக்கு வந்தது. 1897 தையில் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்தபோது பேசியது அந்த வளவில்தான். இன்றைய இந்துக் கல்லூரிப் பெடியன் ஒவ்வொருவனும் அதைத் தன் வீட்டில் நடந்த காரியம்போலச் சொல்வான்.

மலாயாக் காசும் மைதானத்து மணலும்

இந்தப் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்கள் மலாயாவுக்குப் போனார்கள். ரெயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்டர், கச்சேரியில் கிளாக்கர், தோட்டத்தில் கணக்கர். ஓய்வு பெற்றுத் திரும்பியவர்களை ஊரில் ‘மலாயன் பென்சனியர்’ என்றார்கள். அவர்களின் காசில் கோயில் எழுந்தது, கூடவே பள்ளிக்கூடமும் எழுந்தது. வெளிநாட்டிலிருந்து படித்த பள்ளிக்குப் பணம் அனுப்புவது 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு தொடங்கிய பழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது எங்கள் பாட்டன்மார் காலத்துப் பழக்கம்.

1960இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. மத்திய கல்லூரியும் இந்துவும் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியும் அரச பாடசாலைகளாயின. சென். ஜோன்ஸும் சென். பற்றிக்ஸும் யாழ்ப்பாணக் கல்லூரியும் கட்டணம் வாங்காமல் தனியாக நடப்பது என்று முடிவெடுத்தன. சம்பளத்துக்கே தட்டுப்பட்ட அந்த நாட்களில் பழைய மாணவர் சங்கம் அலங்காரமாக இல்லை, உயிர்மூச்சாக இருந்தது.

மைதானத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பந்தத்தைச் சொல்ல முடியாது. வகுப்பறையில் ஒன்றாக இருந்ததைவிட மைதானத்தில் ஒன்றாக நின்றதுதான் பலருக்கு நினைவிருக்கிறது. மத்திய கல்லூரி மைதானத்து மணலில் உயரம் பாய்ந்து பழகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், பதின்ம வயதிலேயே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனார். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு அந்தப் போட்டிகளின் முதல் தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் படித்து, பல நாடுகளில் கல்வித்துறையில் பணியாற்றி, முதுமையில் வடக்குக் கிழக்குப் பிள்ளைகளின் கல்விக்காகவும் விளையாட்டுக்காகவும் மீண்டும் மீண்டும் வந்துபோனார். மத்திய கல்லூரிக்காரர் ஒருவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பாய்ச்சலை நேரில் பார்க்காதவரும் பார்த்தவர்போலக் கையை உயர்த்திக் காட்டுவார்.

பருத்தித்துறைக் கடற்காற்று அடிக்கும் ஹாட்லிக் கல்லூரிக்கு வேறு புகழ். அங்கே கணக்குத்தான் விளையாட்டு. 1838இல் பேர்சிவல் தொடக்கிய அந்தப் பள்ளியை, 1943 முதல் 1967 வரை க. பூரணம்பிள்ளை அதிபராக இருந்து உருவாக்கிய விதத்தை வடமராட்சியில் இன்னும் பேசுகிறார்கள். அங்கே படித்த கிறிஸ்ரி ஜெயரட்ணம் எலியேசர் கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கின் மாணவராகிக் கணிதப் பேராசிரியரானார். அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜில் மண்ணியக்கவியலில் செய்த ஆய்வு இன்றும் பொறியியல் மாணவர்களின் பாடத்தில் இருக்கிறது. அவர் பெரிய நாடுகளில் தங்கிவிடவில்லை. போரின் மிகக் கடுமையான ஆண்டுகளில், 1988 முதல் 1994 வரை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். ஹாட்லிக்காரர் தங்கள் பள்ளியைப் பற்றிப் பேசும்போது பட்டங்களை முதலில் சொல்வார்கள். நான் அவரை அந்த ஆறு ஆண்டுகளுக்காக நினைக்கிறேன்.

சிவப்புக் கோடு

1981 ஜூன் முதலாம் திகதி விடிந்தபோது யாழ். பொதுநூலகம் சாம்பலாகக் கிடந்தது. அந்த நூலகத்தின் வாசலில் சிலையாக நிற்கும் லோங் அடிகளார் சென். பற்றிக்ஸ் கல்லூரியின் அதிபராக இருந்தவர், நூலகத்துக்காக உழைத்தவர். 1984இல் ஹாட்லியின் நூலகமும் எரிக்கப்பட்டது. தாங்கள் இரவல் எடுத்துப் படித்த அதே புத்தகங்கள் எரிந்துபோனதை அந்தப் பழைய மாணவர்கள் வெவ்வேறு நாடுகளிலிருந்து கேள்விப்பட்டார்கள்.

1985 ஜூன் 26ஆம் திகதி சென். ஜோன்ஸ் கல்லூரி அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவர்களுக்கும் இராணுவத்தினருக்கும் இடையே கிறிக்கெற் ஆட்டம் ஒழுங்குசெய்தார் என்பதே அவர்மேல் சொல்லப்பட்ட குற்றம். தன் பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது அச்சமில்லாத நாளாக இருக்கவேண்டும் என்று எண்ணிய ஒரு மனிதரை எங்கள் மண்ணே தின்றது. ஜோனியன்கள் எங்கே கூடினாலும் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது. இத்தனை ஆண்டு கழிந்தும் தாழ்கிறது.

வகுப்பில் இடாப்புக் கூப்பிடும் நேரம் அந்த நாட்களில் கனமான நேரம். ஆசிரியர் பெயரைச் சொல்வார். பதில் வராது. மறுநாளும் சொல்வார். சில கிழமை கழித்து அந்தப் பெயரின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு விழும். அவன் கொழும்புக்குப் போனானா, வெளிநாட்டுக்குப் போனானா, இயக்கத்துக்குப் போனானா, பிடிபட்டானா என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அவனுடைய வாங்கில் இடம் நகர்ந்து இருந்துகொள்வோம். ஒரு தலைமுறையின் பள்ளித் தோழமை இப்படிக் கோடு கோடாகத்தான் கலைந்தது. 1990க்குப் பிறகு மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் எரிந்த சிக்கன விளக்கில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழையில், குடாநாட்டின் மேற்குப் பாதி முழுவதும் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. அதிபர்களும் ஆசிரியர்களும் அந்தக் கூட்டத்தில் நடந்தார்கள்.

இதை எழுதுவதன் காரணம் ஒன்றுதான். பழைய மாணவர் சங்கம் என்றதும் மேசையும் கோட்டும் சூட்டும் இராப்போசனமும் கண்ணில் வருகின்றன. அந்த மேசையைச் சுற்றி இருப்பவர்கள் யார் என்று பார்க்கவேண்டும். ஒரே வகுப்பில் இருந்து, விடைபெறாமல் பிரிந்து, ஒருவன் ஜேர்மனியில் அகதி முகாமிலும் ஒருவன் மொன்றியலில் உணவகத்துக் குசினியிலும் ஒருவன் லண்டன் பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலையிலும் இளமையைக் கழித்தவர்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் மீண்டும் கண்டுபிடித்த இடம் இந்தச் சங்கங்கள்தான். ஆண்கள் அழுவதற்கு எங்கள் சமூகம் அதிகம் இடம் வைக்கவில்லை. கல்லூரிக் கீதம் பாடும் அந்த இரண்டு நிமிடத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

பணம் எங்கே போகிறது?

நடைபவனி, ஆண்டு மலர், கலைவிழா, இராப்போசனம் எல்லாம் பணமாகி ஊருக்குப் போகின்றன. குண்டு விழுந்த கட்டடம் எழுந்தது, நீச்சல் தடாகம் வந்தது, கணினி வந்தது, தகப்பனை இழந்த பிள்ளைக்கு மாதாந்தப் படி வந்தது. போர்க்காலத்தில் யாழ். கோட்டை முற்றுகையிடப்பட்டபோது பக்கத்தில் நின்று நொறுங்கிய மத்திய கல்லூரி இன்று நிமிர்ந்து நிற்பதில் அதன் பிள்ளைகளின் பங்கு பெரிது. ஐம்பது வயது நிறைந்த பட்சுகள் ஆடி, ஆவணி விடுமுறையில் ஒன்றாக ஊருக்கு வந்து, தங்கள் பழைய வகுப்பில் போய் இருந்து, ஆசிரியர்களைத் தேடிப் போய்க் காலில் விழுந்து வணங்கி, பள்ளிக்கு ஏதாவது செய்துவிட்டுப் போகிறார்கள். இப்படிச் செய்யும் சமூகம் உலகில் அதிகம் இல்லை.

அதனால்தான் குறையையும் சொல்லவேண்டியிருக்கிறது. பெயர்பெற்ற நான்கைந்து ஆண்கள் கல்லூரிகளுக்குப் பணம் குவிகிறது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் தீவகத்திலும் இருக்கும் சிறு பள்ளிகளுக்குப் பழைய மாணவர் இல்லாமல் இல்லை, ரொறன்ரோவில் மண்டபம் பிடிக்கக்கூடிய பழைய மாணவர் இல்லை. இதே கல்லூரிகளின் பக்கத்திலேயே நிற்கும் ஆரம்பப் பாடசாலைகளின் மலசலகூடங்களைப் போய்ப் பாருங்கள். அரிவரி சொல்லிக் கொடுத்து, கையைப் பிடித்துக் கல்லூரிப் படலை மட்டும் கொண்டுவந்து விட்ட பள்ளி அது. அதன் பெயரில் இராப்போசனம் நடப்பதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். தங்கைமார் படித்த பெண்கள் கல்லூரிகளின் சங்கங்கள் ஓசையில்லாமல் செய்யும் வேலையும் இந்த ஆரவாரத்தில் மறைந்துபோகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அது நூறு வருடப் பழசு, இன்னும் ஆறவில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சம ஆசனம் வந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருக்காமல் மற்றப் பிள்ளைகளோடு வாங்கில் இருக்கவேண்டும் என்ற உத்தரவு. அதை எதிர்த்துப் பெட்டிசம் எழுதினார்கள். பள்ளிகளுக்கு நெருப்பு வைத்தார்கள். நூலகத்தை எரித்தவர்களை நாங்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. வாங்கில் ஒரு பிள்ளை இருந்ததற்காகப் பள்ளியை எரித்தவர்களும் எங்கள் வரலாற்றில்தான் இருக்கிறார்கள். அதே காலத்தில் அந்தத் தீண்டாமையை எதிர்த்து நின்றவர்களும் பள்ளிகளிலிருந்தே வந்தார்கள். யாழ்ப்பாணக் கல்லூரி வழிவந்த ஹன்டி பேரின்பநாயகம் முன்னின்று 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது. சாதிப் பிரிவினைக்கு எதிராக வெளிப்படையாக நின்றது. ஆண்டு மலர்களில் அணித்தலைவர்களின் பட்டியல் வருகிறது, அதிபர்களின் படம் வருகிறது. எந்த ஆண்டில் எந்தப் பிள்ளை முதன்முதலாக வாங்கில் இருந்தான் என்பதை எழுதிய ஒரு மலரையாவது நான் இதுவரை கையில் எடுத்துப் பார்த்ததில்லை. எழுதினால் எங்கள் பெருமை குறையாது. பள்ளி எங்களை என்ன ஆக்கியது என்பதன் உண்மையான கணக்கு அதில்தான் இருக்கிறது.

கடைசி வரிசை

என் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம்.

எங்கள் பட்சின் வட்ஸ்அப் குழுவில் போன வருடம் ஒருவன் ஒரு படத்தைப் போட்டான். 1986, ஒன்பதாம் வகுப்பு. தாயின் அலமாரியில் சேலைக்கு அடியில் இருந்ததாம். நடுவில் வகுப்பாசிரியர் கதிரையில் இருக்கிறார். சுற்றி முப்பத்துநாலு பெடியள். வெள்ளைச் சேட்டு, நீலக் காற்சட்டை, வெயிலுக்குச் சுருக்கிய கண்கள். கீழே பெயர் எழுதிய அட்டை கிழிந்துபோயிருந்தது.

பெயர் நிரப்புவது என்று தொடங்கினோம். அன்றிரவு யாரும் நித்திரை கொள்ளவில்லை. மெல்பேர்னில் விடியும்போது ரொறன்ரோவில் மத்தியானம். ஒருவன் இரண்டு பெயர் சொல்ல, இன்னொருவன் மூன்று திருத்த, பட்டப்பெயர் மட்டும் ஞாபகம் வந்து சொந்தப் பெயர் வராமல் மூன்று பேர் தலையைச் சொறிய, விடியப்புறம் முப்பத்துமூன்று பெயர் வந்துவிட்டது. அதில் ஒன்பது பேர் உயிரோடு இல்லை. அந்த ஒன்பது பெயரை எழுதும்போது குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை.

ஒருவனுடைய பெயர் வரவில்லை. கடைசி வரிசையில், வலது ஓரத்தில் நிற்கிறான். மெலிந்தவன். கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருக்கிறான்.

“மச்சான், உந்தக் கரையில நிக்கிறவன் ஆர்?”

“தெரியேல்லை. நடந்து வாறவன், சைக்கிள் இல்லை. அது மட்டும் ஞாபகம்.”

“கணக்கில கெட்டிக்காரன். என்னட்டைக் கொப்பி வாங்கிக்கொண்டு போறவன். எனக்குச் சொல்லியும் தந்தவன்.”

சொல்லித் தந்தவனின் பெயர் நினைவில்லை. அந்த வாக்கியத்துக்குப் பிறகு குழு நெடுநேரம் அமைதியாக இருந்தது.

ஊரில் இருக்கும் ஒருவன் பள்ளிக்குப் போய் 1986ஆம் ஆண்டு இடாப்பைக் கேட்டான். 95 இடப்பெயர்வோடு போய்விட்டது என்றார்கள். பிறகு எங்கள் வகுப்பாசிரியரைத் தேடிப் போனான். சேருக்கு இப்போது எண்பத்தாறு வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தாராம். “இவன்ரை தாய் ஒருக்கா வந்தவ,” என்றாராம். “சப்பாத்து வாங்க இன்னும் ஒரு மாதம் தவணை கேட்டு வந்தவ. நான் ஓம் எண்டனான்.” பெயர் அவருக்கும் வரவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவருடைய கை நடுங்கியதாம்.

அவன் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் இருந்தானா என்று கூட எங்களுக்கு நிச்சயமில்லை. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவன் என்று ஒருவன் சொல்கிறான். இல்லை, தோட்டவெளி தாண்டி என்று இன்னொருவன். வருகிற ஆவணியில் எங்களில் ஒருவன் ஒஸ்லோவிலிருந்து ஊருக்குப் போகிறான். அந்த ஓரத்து முகத்தை மட்டும் பெரிதாக்கி அச்செடுத்து வைத்திருக்கிறான். இரண்டு பக்கத்துக்கும் போய், வீடு வீடாகக் காட்டிக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறான்.